இறுதிப் பிரதிக்கு முந்திய தாள்கள்

வெர்னர் க்ராஸ் என்ற ஜெர்மன் நடிகர் 1959-இல் காலமானார். அவரிடம் ஒரு தட்டச்சுப் பிரதி இருந்தது. 1920-இல் வெளியான 'தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகரி' படத்தில் காலிகரியாக நடித்தவர் அவர்தான். படப்பிடிப்புக்காகக் கொடுக்கப்பட்ட திரைக்கதைப் பிரதியைத் திருப்பித் தராமலும் தூக்கி எறியாமலும் வைத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அதை யாருக்கும் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1978-இல்தான் பெர்லினிலுள்ள ஜெர்மன் சினிமாடெக் அதை விலைக்கு வாங்கியது. முழுமையாக அச்சில் வந்தது 1995-இல். இன்றுவரை கிடைத்துள்ள ஒரே பிரதி அதுதான்.

அந்த இடைப்பட்ட காலத்தில் இந்தப் படத்தைப் பற்றி ஒரு முழுக் கோட்பாடே எழுந்து நின்றுவிட்டது. கதையைச் சொல்லும் ஃப்ரான்சிஸ் ஒரு மனநோயாளி, காலிகரி அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் என்று படம் முடியும். மூலக் கதையைச் சுற்றி அமைந்த இந்தச் சட்டகக் கதை தங்கள் மேல் திணிக்கப்பட்டது, அதிகார வெறிக்கு எதிராகத் தாங்கள் எழுதியதை அது தலைகீழாக்கிவிட்டது என்று எழுத்தாளர்களில் ஒருவரான ஹான்ஸ் யானோவிட்ஸ் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அதை நம்பித்தான் சீக்ஃப்ரீட் க்ராகவர் 1947-இல் 'காலிகரியிலிருந்து ஹிட்லர் வரை' என்ற நூலில் ஜெர்மானிய மனம் கொடுங்கோலுக்கு எப்படிப் பழகியது என்ற தன் வாதத்தின் முக்கியமான தூண் ஒன்றை நட்டார். க்ராஸின் பிரதி வெளியே வந்ததும் அந்தத் தூண் ஆட்டம் கண்டது. மூல எழுத்திலேயே ஒரு சட்டகக் கதை இருந்தது. ஆனால் அதில் ஃப்ரான்சிஸ் பைத்தியம் இல்லை. நல்ல நிலையில் வாழும் மனிதன் ஒருவன், தன் வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறான். யானோவிட்ஸின் புகாரில் பாதி நின்றது, பாதி விழுந்தது. எந்தப் பாதி என்று சொல்ல அந்தத் தாள்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பழைய திரைக்கதை வரைவுகளைச் சேர்ப்பது எதற்காக என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நட்சத்திரத்தின் கையெழுத்து உள்ள பிரதிக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படமாகாமல் போன பக்கமும், அடித்துத் திருத்திய வரியும், தேதி மாறிய அட்டையும் வேறெங்கும் கிடைக்காத செய்தியைச் சொல்கின்றன. கொத்தனார் சுவரில் கரியால் அளவு எழுதுவார். பூச்சு வந்ததும் அது மறைந்துபோகும். திரைக்கதை வரைவு அந்தக் கரி எழுத்துப் போன்றது. வேலை முடிந்ததும் மறைய வேண்டும் என்றே எழுதப்படுவது. அதனால்தான் அரிதாகிறது.

புத்தகச் சேகரிப்பாளர்கள் இந்தத் துறைக்குள் வரும்போது கூடவே கொண்டுவரும் முதல் பழக்கம், 'முதல் பதிப்பு' என்ற எண்ணம். புத்தகத்துக்கு அது சரி. திரைக்கதைக்கு முதல், இறுதி என்ற இரண்டு சொல்லுமே வழுக்கும். 'சிட்டிசன் கேன்' படத்துக்கு 1940 ஜூலையில் தயாரான பிரதியின் அட்டையில் இருந்த பெயர் 'மூன்றாம் திருத்தப்பட்ட இறுதிப் பிரதி'. இறுதி என்று பெயர் வைத்த பிறகு மூன்று முறை திருத்தியிருக்கிறார்கள்! ஆகவே கையில் ஒரு பிரதி வந்தால் கேட்க வேண்டியது, இது எந்தக் கட்டத்தின் தாள், யார் கையிலிருந்தது என்ற இரண்டும்தான்.

சினிமாவின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட திரைக்கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. சில வரிக் குறிப்பு, காட்சிகளின் பட்டியல், அவ்வளவுதான். 'பென் ஹர்' நாவலை 1907-இல் காலெம் நிறுவனம் அனுமதி பெறாமல் ஒரு சிறு படமாக எடுத்தது. திரைக்கதையை எழுதியவர் ஜீன் கான்டியர் என்ற நடிகை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1911-இல் காலெமுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதன்பின் கதை எங்கிருந்து வந்தது என்பது பணத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வியாயிற்று. எழுத்து ஆவணத்துக்கு மதிப்பு வந்தது. அதே காலத்தில் தாமஸ் இன்ஸ் தன் ஸ்டூடியோவில் ஒவ்வொரு காட்சியையும் எண் போட்டு, இடம், உடை, நடிகர் விவரத்தோடு முன்கூட்டியே எழுதிவைத்துப் படமெடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். தயாரிப்பாளர் செலவைக் கணக்கிடவும், இயக்குநரின் பக்கத்தில் தான் இல்லாமலே வேலையைக் கண்காணிக்கவும் அந்தத் தாள்கள் பயன்பட்டன. திரைக்கதை இன்றைய வடிவத்துக்கு வந்ததில் கலையைவிடக் கணக்குப் பிள்ளையின் பங்கு அதிகம்.

எல்லோரும் இன்ஸ் வழியில் போகவில்லை. டி. டபிள்யூ. க்ரிஃபித் 'பர்த் ஆஃப் எ நேஷன்', 'இன்டாலரன்ஸ்' போன்ற பெரும் படங்களையே எழுதப்பட்ட திரைக்கதை இல்லாமல் எடுத்தவர் என்று பெயர் பெற்றவர். சாப்ளினும் தொடக்க காலத்தில் கேமரா முன்பே கதையைத் தேடினார். இதைத் தெரிந்துவைத்திருப்பது சேகரிப்பவருக்குக் காசு மிச்சம். க்ரிஃபித் படத்தின் 'திரைக்கதை' என்று ஒன்று விற்பனைக்கு வந்தால், அது பெரும்பாலும் படம் வெளியான பிறகு யாரோ திரையைப் பார்த்து ஷாட் ஷாட்டாகக் குறித்த பட்டியலாகவே இருக்கும். அதற்கும் பயன் உண்டு. ஆனால் அது வரைவு ஆகாது. படத்துக்கு முந்திய தாள் வேறு, படத்துக்குப் பிந்திய தாள் வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இவை எப்படித் தப்பின என்று பார்த்தால், சேகரிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கள்தான் பெரிய சேகரிப்புகளை உண்டாக்கியிருக்கிறார்கள். 1912-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே காங்கிரஸ் நூலகம் சுருள்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவற்றோடு வந்த கதைச் சுருக்கம், வசன விவரம் போன்ற தாள்களை மட்டும் வைத்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத் தணிக்கைக் குழு 1921 முதல் 1965 வரை இயங்கியது. அனுமதி கேட்டு வந்த படங்களின் வசனப் பிரதிகளை அது வாங்கிக் கோப்பில் போட்டது. இன்று அந்த மாநில ஆவணக் காப்பகத்தில் 53,000-க்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன. சினிமாவைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த அலுவலகம்தான் அதன் சொற்களை இத்தனை பெரிய அளவில் காப்பாற்றியிருக்கிறது. அவை பெரும்பாலும் படத்துக்குப் பிந்திய பிரதிகள் என்பது உண்மை. ஆனாலும் படச்சுருளே இல்லாமல் போனவற்றுக்கு அவையே கடைசித் தடயம்.

அந்த இழப்பின் அளவைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றிக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட டேவிட் பியர்ஸின் ஆய்வறிக்கை, ஏறத்தாழ 11,000 முழுநீளப் படங்களில் மூல வடிவத்திலேயே முழுமையாக மிஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே என்று கணக்கிட்டது. டாட் ப்ரௌனிங் இயக்கி லான் சேனி நடித்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் கடைசிப் பிரதி, எம்.ஜி.எம். கிடங்கில் 1965-இல் நடந்த தீவிபத்தில் போயிற்று. 2002-இல் அந்தப் படத்தைப் புகைப்படங்களாலேயே மறுபடி கட்டி நிறுத்தினார் ரிக் ஷ்மிட்லின். எந்தப் புகைப்படம் எந்தப் புகைப்படத்துக்குப் பின் வரும் என்று வழிகாட்ட அவருக்குத் திரைக்கதை இருந்தது. எரிக் ஃபான் ஸ்ட்ரோஹெய்மின் 'க்ரீட்' (1924) இன்னும் வேதனையான கதை. பல மணி நேரம் ஓடிய படத்தை ஸ்டூடியோ வெட்டி வெட்டிக் கால்வாசிக்குக் கொண்டுவந்தது. வெட்டிய சுருள்கள் அழிந்தன. 1999-இல் அதே ஷ்மிட்லின், 1923 மார்ச் 31 தேதியிட்ட படப்பிடிப்புப் பிரதியையும் 650-க்கும் மேற்பட்ட புகைப்படங்களையும் வைத்து நான்கு மணி நேர வடிவம் ஒன்றைத் தந்தார். ஆர்சன் வெல்ஸின் 'தி மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' வெட்டப்படுவதற்கு முன் எப்படி இருந்தது என்று இன்று நாம் அறிவது, 1942 மார்ச்சில் எடுத்துவைத்த படத்தொகுப்புக் குறிப்பால்தான்.

'கேன்' விஷயத்துக்குத் திரும்புகிறேன். வரைவுகளைச் சேர்த்துவைப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. ஹெர்மன் மாங்கிவிட்ஸ் 1940-இன் முற்பகுதியில் கலிஃபோர்னியாவின் விக்டர்வில் என்ற பாலைவன ஊரில் தங்கி முதல் வரைவை எழுதினார். துணைக்கு ஜான் ஹவுஸ்மன். அப்போது அதன் பெயர் 'அமெரிக்கன்'. 250 பக்கத்துக்கு மேல். 1971-இல் திரைப்பட விமர்சகர் பாலின் கேல் ஒரு நீண்ட கட்டுரையில் திரைக்கதை ஏறக்குறைய முழுவதும் மாங்கிவிட்ஸுடையது, படத்தை இயக்கிய வெல்ஸ் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார் என்னும்படி எழுதினார். பெரும் சண்டை மூண்டது. ஆளுக்கு ஆள் நினைவிலிருந்து பேசினார்கள். ராபர்ட் காரிங்கர் என்ற பேராசிரியர் வேறு வழியில் போனார். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் கோப்புகளில் இருந்த வரைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பக்கத்தோடு பக்கம் வைத்துப் படித்து, 1978-இல் தன் முடிவை வெளியிட்டார். கதையின் கட்டுமானமும் பாத்திரங்களும் பல காட்சிகளும் மாங்கிவிட்ஸிடமிருந்து வந்தவை. அதைக் குறைத்து, இறுக்கி, திருப்பி எழுதிப் படமாக்கிய வேலையில் வெல்ஸின் பங்கு கணிசமானது. இருவருக்கும் நியாயம் கிடைத்தது. வரைவுகளில் ஒன்று ஓரிடத்திலும் இன்னொன்று வேறொரு நாட்டுத் தனியார் அலமாரியிலுமாகச் சிதறியிருந்தால், அந்த நியாயம் கிடைத்திருக்காது. தனித்தனியாகப் பிரித்து விற்கும் வணிகத்தை நான் வெறுப்பது இதனால்தான்.

ஸ்டூடியோ காலத்துப் பிரதி ஒன்றை எப்படிப் படிப்பது? 1930கள், 40களில் பிரதிகள் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் உருட்டி எடுக்கப்பட்டன. அதற்கு முந்தியவை, அல்லது எழுத்தாளர் கையிலேயே நின்றவை, தட்டச்சுப் பிரதிகளும் மெல்லிய தாளில் விழுந்த கார்பன் நகல்களும். இரண்டு மூன்று துளைகளில் பித்தளை ஊக்கு. அட்டையில் பிரதி எண், தேதி, திருப்பித் தர வேண்டும் என்ற எச்சரிக்கை. படப்பிடிப்பு நடக்கும்போது வசனம் மாறினால் முழுப் பிரதியையும் மறுபடி அடிக்க மாட்டார்கள். மாறிய பக்கத்தை மட்டும் வேறு நிறத் தாளில் அடித்து, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகச் சொல்வார்கள். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் ஏறிக்கொண்டே போகும். வரிசை ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ மாறும். ஒவ்வொரு நிறப் பக்கத்தின் மேலும் தேதி இருக்கும். அட்டையிலுள்ள தேதி பிரதி பிறந்த நாள். உள்ளே கடைசி நிறப் பக்கத்தின் தேதி அது வேலை செய்து முடித்த நாள். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே அந்தப் பிரதியின் உயிர்.

இதில் தனி இடம் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசரின் பிரதிக்கு. எந்த ஷாட் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிந்தது என்று அவர் பக்கத்தின் மேல் நெடுக்குக் கோடுகள் இழுத்திருப்பார். பேசுபவர் திரையில் தெரிந்தால் நேர்கோடு, தெரியாவிட்டால் நெளிகோடு. எடுத்து வீணான டேக், நடிகர் மாற்றிச் சொன்ன சொல், கையில் சிகரெட் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை அதில் இருக்கும். ஏலத்தில் இது ஓர் உதவியாளரின் பிரதி என்று சிறிய விலைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். படப்பிடிப்புத் தளத்தில் உண்மையில் நடந்தது முழுதும் பதிவானது அந்த ஒரு பிரதியில்தான்.

சந்தை வேறு கணக்கில் ஓடுகிறது. 'காட்ஃபாதர்' படத்துக்கு மார்லன் ப்ராண்டோ பயன்படுத்திய பிரதி 2005-இல் நியூயார்க்கில் 3,12,800 டாலருக்குப் போயிற்று. 'ப்ரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படத்தின் ஆட்ரி ஹெப்பர்ன் பிரதி 2017-இல் லண்டனில் 6,32,750 பவுண்டுக்கு விற்றது. ஹெப்பர்னின் நீலப்பச்சை மைக் குறிப்புகளுக்குக் கொடுத்த விலை அது. இருக்கட்டும். ஆனால் காணாமல்போன 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்'டின் சுவரொட்டி ஒன்று 2014-இல் 4,78,000 டாலர் பெற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அழகானதும் முகம் தெரிந்ததும் விலை போகின்றன. நிறம் மங்கிய, பெயர் தெரியாத துணை எழுத்தாளர் திருத்திய வரைவு மலிவாகவே கிடக்கிறது. குறைந்த வருமானத்தில் சேகரிக்க விரும்புபவருக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது.

ஏமாறவும் வழிகள் உண்டு. 1960களுக்குப் பிறகு ஜெராக்ஸ் பரவியது. பழைய படங்களின் பிரதிகளை நகலெடுத்து ரசிகர்களுக்கு விற்பது பெரும் வியாபாரமாயிற்று. அவற்றில் அட்டைத் தேதி 1939 என்றே இருக்கும், தாள் மட்டும் 1980. சைக்ளோஸ்டைல் மை தாளுக்குள் ஊறியிருக்கும். ஜெராக்ஸ் மை மேலே படிந்து மின்னும். நிறப் பக்கங்கள் இருக்க வேண்டிய பிரதியில் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட அடையாளங்களை முறையாகத் தொகுத்து கெவின் ஜான்சன் என்ற அமெரிக்கப் பழம்புத்தக வணிகர் 'தி செல்லுலாய்ட் பேப்பர் ட்ரெயில்' என்ற நூலை வெளியிட்டது 2019-இல்தான். அச்சுப் புத்தகத்துக்கு இத்தகைய விவரணைக் கலை நூறாண்டுக்கு முன்பே முதிர்ந்துவிட்டது. இன்னொன்று: தாளை வாங்கியவருக்கு உரிமை தாளின் மேல் மட்டுமே. அதிலுள்ள எழுத்தை அச்சிடவோ பரப்பவோ பதிப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும்.

நிறுவனச் சேகரிப்புகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத் திறந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஆஸ்கர் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகம், வார்னர் கோப்புகள் உள்ள தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், ஆஸ்டினில் 'கான் வித் தி விண்ட்' தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் மலைபோன்ற ஆவணங்கள் உள்ள ஹாரி ரான்சம் மையம், லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன்னிடமுள்ள வார்னர் பிரதிகள் பலவற்றை அறிமுகக் கட்டுரையோடு புத்தக வரிசையாகவே வெளியிட்டது.

நம் பக்கம் திரும்பினால், நெஞ்சில் ஒரு கனம். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வதம்' இல்லை. நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் படத்துக்குப் பிந்திய தாள்: கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும், படம் ஓடிய பிறகு அச்சான 'கதை வசனம்' புத்தகமும். 'பராசக்தி' (1952) வசனத்தைப் படம் பார்க்காதவர்களும் ஒப்பித்தது அப்படிப்பட்ட அச்சினாலும் இசைத்தட்டினாலும்தான். பாட்டுப் புத்தகத்தின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. படமே இல்லாதபோது கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் அதில் மட்டுமே இருக்கின்றன. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் சேர்த்தவற்றை அரசு வாங்கியது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் இத்தகைய தாள்களைப் பார்க்கலாம். ஆனால் அடித்துத் திருத்திய வரைவு எங்கே?

அவை இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஜெமினியில் 'கதை இலாகா' என்றே ஒரு பிரிவு இருந்தது. அங்கே பல பேர் உட்கார்ந்து ஒரே கதையை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி எழுதினார்கள். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்த அறைகளின் சந்தடி தெரியும். 1935-இல் அமெரிக்காவிலிருந்து வந்து 1950-இல் 'மந்திரி குமாரி'யோடு விடைபெற்ற எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. அவர் பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படம் இயக்கியபோது, வசனத்துக்கும் இயக்குநருக்கும் நடுவே எத்தனை மொழிபெயர்ப்புக் குறிப்புகள் கைமாறியிருக்க வேண்டும்! அவர் இயக்கிய 'சதி லீலாவதி'யின் அத்தகைய குறிப்பு ஒன்று கிடைத்தால், நாடக மேடைப் பேச்சு எந்த வரியில் சினிமாப் பேச்சானது என்று காட்ட முடியும். சத்யஜித் ராய் தன் சிவப்புத் துணி அட்டை நோட்டுகளில் எழுதியும் வரைந்தும் வைத்தவை இருக்கின்றன. 'பதேர் பாஞ்சாலி'க்காக அவர் தூரிகையால் வரைந்த காட்சிகள் 2016-இல் புத்தகமாயின. அந்தப் பேறு வாய்த்த தமிழ் இயக்குநர் ஒருவரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே தேட வேண்டிய இடம் ஏல நிறுவனம் அல்ல. க்ராஸின் வீட்டைப் போன்ற வீடுகள். உதவி இயக்குநர்கள், பிரதி எடுத்த தட்டச்சர்கள், துணை நடிகர்கள், இவர்களின் பரணிலுள்ள தகரப் பெட்டிகள். பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுவதற்கு முன் ஒருவர் போய்ச் சேர வேண்டும். அப்படி ஒரு கட்டு கிடைத்தால் முதலில் துருப்பிடித்த குண்டூசியை உருவிவிடாதீர்கள். எந்தத் தாளோடு எந்தத் தாள் குத்தியிருக்கிறது என்பதும் ஒரு தகவல். இருந்த நிலையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும், பின்புறத்தையும் சேர்த்து, படமெடுங்கள். செருகியிருக்கும் துண்டுச் சீட்டைக் கழற்றித் தனியே வைக்க வேண்டாம். லாமினேஷன் கூடவே கூடாது. அந்த வீட்டின் பெரியவரிடம், இது யாருடையது, எந்தப் படத்துக்கு, எந்த ஸ்டூடியோவில் என்று கேட்டு, அவர் சொன்னபடியே, சொன்ன தேதியோடு, பென்சிலால் ஒரு தனித் தாளில் எழுதி மேலே வையுங்கள். ஊசியை எடுக்கும் வேலையை, பழந்தாள் பேணத் தெரிந்தவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.